முற்றத்தில் ஓர் ஈரத் துண்டு

புதுச்சேரியின் தமிழ் வீதிகளில் பழைய வீட்டைப் பழுதுபார்த்து நடத்துகிற பூட்டிக் ஹோட்டல் எதிலாவது, மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓர் ஈரத் துண்டைக் காயப் போட்டால் அது அங்கே பத்து நிமிடம் தங்காது. கைத்தறிச் சட்டை போட்ட பையன் ஒருவன் வருவான். கோபமே இல்லாமல், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில், "சார், இது ஹெரிடேஜ் பிராபர்ட்டி" என்பான். துண்டை மடித்து அறைக்குள் வைத்துவிட்டுப் போவான். குடும்பத் தலைவர் வெட்கப்படுவார். குடும்பத் தலைவி "நான் அப்பவே சொன்னேன்" என்பார். பிள்ளைகள், இந்தக் குடும்பத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவர்களில் ஒருவரும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பது என் கட்சி. அந்த வீட்டின் தூணும் தரையும் கதவும் பாரம்பரியம் என்றால் அந்தத் துண்டும் பாரம்பரியம்தான். சுவர் கட்டிய வருஷத்திலிருந்து அங்கே துண்டு காய்ந்துகொண்டுதான் இருந்தது. நடுவில் வாரிசுகள் சண்டை போட்டு வீடு பூட்டிக் கிடந்ததும், பிறகு அது ஹோட்டலானதும்தான் இடைச்செருகல். கடலோரத்து அழகான சின்ன ஹோட்டல்களுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த இடத்தின் அமைதியைக் கெடுக்கிறார்கள், அழகைக் குலைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு படித்தவர்கள் நடுவே உலவுகிறது. அவர்கள் எதையும் கெடுக்கவில்லை. அந்தக் கட்டடத்தை அதன் பழைய வேலைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அதற்குக் காசும் அவர்களே கொடுக்கிறார்கள்.

முதல் சாட்சி வீடேதான். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி, பெருமாள் கோயில் வீதிப் பக்கம் ஒரு நடை நடந்தால் விஷயம் விளங்கிவிடும். வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளை 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் பண உதவியோடு இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு முன்னின்று சீர்செய்தது. இப்போது கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கும் ஜோடிகள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். வீதியை ஒட்டி ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதன் கீழே போகிறவர் வருகிறவர் உட்கார்ந்துபோகத் திண்ணை, குனிந்து நுழையும்படி ஒரு கனத்த கதவு, இருட்டு நடை, அதைத் தாண்டியதும் வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள், பின்னால் அடுக்களை, கிணற்றடி. வசதி வந்ததும் மேலே ஒரு மாடி எழுப்பி அதற்கு மட்டும் பிரெஞ்சுக்காரர் பாணியில் உருண்டைத் தூணும் வளைந்த ஜன்னலும் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலும் இந்தக் கலப்பைப் பார்க்கலாம். கீழே தமிழ் வீடு, மேலே ஐரோப்பியத் தோரணை. இந்த வீடுகளில் தேடிப் பார்த்தாலும் கிடைக்காத ஒன்று, நாம் இன்று படுக்கையறை என்று சொல்லும் சமாச்சாரம். இருந்த அறைகளில் நெல்லும் பாத்திரமும் பெட்டியும் சாமியும் இருந்தன. மனிதர்கள் கூடத்திலும் மொட்டை மாடியிலும் பாயை விரித்து வரிசையாகப் படுத்தார்கள். ஆக, ஓர் இரவுக்கு ஐந்திலக்க வாடகையில் புதுமணத் தம்பதி தூங்குகிற அந்த "ஹெரிடேஜ் ரூம்", அந்தக் காலத்தில் மூட்டைகள் தூங்கிய அறையாக இருப்பதற்கே சாத்தியம் அதிகம். மனிதர்கள் தூங்கிய கூடத்தில் இப்போது ஒரு பெரிய உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்க விட்டிருக்கிறார்கள்.

இப்படித் தலைகீழாக ஆனது ஹோட்டல்காரர்களின் குற்றமல்ல. அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி அப்படி. இந்த வகை ஹோட்டல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பலரும் கைகாட்டுவது 1984இல் நியூயார்க்கில் திறந்த மார்கன்ஸ் ஹோட்டலை. ஸ்டீவ் ரூபெல், இயன் ஷ்ரேகர் என்ற இருவர் அதை நடத்தினார்கள். அதற்கு முன்பு அவர்கள் நடத்தியது ஸ்டூடியோ 54 என்ற புகழ்பெற்ற இரவு நடன விடுதி. இரண்டுக்கும் நடுவில் வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போய் வந்தார்கள். இரவு முழுக்க ஆடிவிட்டு விடியற்காலையில் படுக்க வருகிறவர்களின் உலகத்தை நன்றாக அறிந்தவர்கள், அதே கூட்டத்தை மனதில் வைத்து உண்டாக்கிய இடம். அறை சின்னது, வெளிச்சம் குறைவு, அலங்காரம் அதிகம். கைக்குழந்தையோடும் கைத்தடியோடும் வருகிற ஏழு பேர் அவர்கள் கனவிலும் வந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி கடல் தாண்டி, கை மாறி, கடைசியில் புதுச்சேரியில் ஒரு முற்றத்து வீட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. விளைவை எந்த அறையிலும் காணலாம். கெட்டில் ஒன்று, தேயிலைப் பை இரண்டு, பால் பொடிப் பொட்டலம் இரண்டு, தண்ணீர் பாட்டில் இரண்டு. விளக்கு என்று பார்த்தால் கட்டிலுக்கு இருபுறமும் கவிழ்த்த சொம்புக்குள் இரண்டு பல்பு. நடுக்கூரையில் டியூப் லைட் கிடையாது. தாத்தாவின் ரத்த அழுத்த மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் செல்போன் டார்ச் அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சிகரமாக, குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே சுவருக்குப் பதில் கண்ணாடி. இதை வடிவமைத்தவர் எவராயினும் மாமியார் என்று ஓர் உறவு உலகத்தில் இருப்பதைக் கேள்விப்படாதவர் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அந்தக் கண்ணாடியின் மேல் குடும்பம் முதல் வேலையாக ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறது. அதைப் பண்பாடில்லாத காரியம் என்று சொல்பவரை, ஒரே ஒரு நாள் அவர் மாமனாரோடு அந்த அறையில் தங்கவைக்க வேண்டும்.

அரசாங்கத்தின் விதியும் என் பக்கம்தான் பேசுகிறது. ஹெரிடேஜ் ஹோட்டல் என்று சான்றிதழ் தர மத்திய சுற்றுலா அமைச்சகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கட்டடம் 1950க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து அறை வேண்டும். இத்தனையும் சொல்லிவிட்டு, முகப்பும் கட்டுமானமும் அந்த வட்டாரத்து மரபு வாழ்க்கை முறைக்கு இசைந்திருக்க வேண்டும் என்றும் அதே விதி கேட்கிறது. வாழ்க்கை முறை என்றால் என்ன? தூண் மட்டும் தனியாக வாழ்ந்துவிடுமா? அந்த வட்டாரத்தின் மரபு வாழ்க்கை என்பது ஒருவர் பல் தேய்க்கும்போது இன்னொருவர் கதவைத் தட்டுவது, மாடியிலிருந்து கீழே கூப்பிட்டு "டவல் எடுத்துட்டு வா" என்பது, எட்டு மணிக்கு ஒரு பந்தி, ஒன்பது மணிக்கு ஒரு பந்தி. கட்டடம் 1950க்கு முந்தியதா என்று பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள். 1948இல் பிறந்த பாட்டி அதே வாசலில் கைத்தடியோடு வந்து நிற்கும்போது, விதிப்படி அவரும் ஹெரிடேஜ் வகையில் சேர வேண்டியவர் என்பது ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவர் தலையில் எக்ஸ்ட்ரா பெட் கட்டணத்தைப் போடுகிறார்கள். அந்த எக்ஸ்ட்ரா பெட்டோ மடக்குக் கட்டில். அவர் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் புடவையை விரித்துப் படுத்துவிடுவார். அந்தத் தரையை அது போடப்பட்ட நோக்கத்துக்குப் பயன்படுத்துகிற ஒரே விருந்தாளி அவர்தான். மற்றவர்கள் அதைப் போட்டோதான் எடுக்கிறார்கள்.

அமைதிக்காகக் காசு கொடுத்து வந்தவர்கள் கதி என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெங்களூரிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஒரு நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர், பக்கத்து அறைப் பையன் "வைஃபை பாஸ்வேர்டு என்னப்பா" என்று கத்துவதைக் கேட்கவா வந்தார்? ஆனால் அவர் வாங்கியது அமைதியை அல்ல, முற்றத்தை. முற்றம் என்பது சத்தத்துக்காகவே கட்டிய இடம். வெயிலும் காற்றும் மழையும் வீட்டுக்குள் வர ஒரு வழி என்று நூல்களில் எழுதுகிறார்கள். அதே அளவு முக்கியமான வேலை, பின்கட்டில் இருப்பவர் கூப்பிட்டால் திண்ணையில் இருப்பவருக்குக் கேட்பது. நாலு பக்கமும் கெட்டிச் சுவர், கீழே கல் தரை, மேலே திறப்பு. இந்த அமைப்பில் ஒரு ஸ்பூன் விழுந்தால் எட்டு அறைக்கும் கேட்கும். ஒலிபெருக்கிக்குள் குடியேறிவிட்டு, பாட்டு கேட்கிறதே என்று புகார் சொல்லக் கூடாது. போதாக்குறைக்கு அறைக் கதவுகள் எல்லாம் பழைய தேக்கு. பார்க்க அழகு, ஆனால் இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி. உண்மையான நிசப்தம் வேண்டியவருக்கு ஈசிஆர் நெடுக கான்கிரீட்டில் கட்டிய, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்ட பெரிய ரிசார்ட்டுகள் இருக்கின்றன. அங்கே பக்கத்து அறையில் பஞ்சாயத்தே நடந்தாலும் கேட்காது. முற்றத்து வீட்டில் அமைதி இருந்த நாட்கள் இரண்டுதான்: எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்த நாள், வீடு ஏலத்துக்கு வந்த நாள்.

வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர் பகுதியில் இருக்கும் மஞ்சள் சுவர் வீடுகளுக்கு இந்த வாதம் அவ்வளவு செல்லாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த வீடுகள் உயர்ந்த மதிலுக்குப் பின்னால், பெரிய வாயிற்கதவைச் சாத்திக்கொண்டு, வீதிக்கு முதுகு காட்டி நிற்பவை. திண்ணை கிடையாது. போகிறவரை உட்காரச் சொல்லும் உத்தேசமே இல்லாத கட்டடங்கள் அவை. அங்கே தங்கும் குடும்பம் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். ஒரு நாளைக்குத்தானே.

இனி கடல். கடலோர விடுமுறை என்றதும் விளம்பரங்கள் காட்டுகிற காட்சி ஒன்றுதான்: சூரியன் கடலுக்குள் இறங்குகிறது, இருவர் கோப்பையோடு சாய்ந்திருக்கிறார்கள். அது கோவாவுக்கும் கேரளத்துக் கோவளத்துக்கும் சரி. வங்கக் கடல் அந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சியும் வைத்துக்கொள்வதில்லை. புதுச்சேரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடிப் பாரில் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் ஜோடிக்கு, சூரியன் முதுகுக்குப் பின்னால் பேருந்து நிலையத்துப் பக்கம் இறங்குகிறது. இங்கே கடலின் பெரிய ஆட்டம் முழுக்கக் காலையில்தான். சூரியோதயம் வருஷம் முழுவதும் சுமார் ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் நடுவே ஏதோ ஒரு நேரம். அந்த நேரத்தில் ஹோட்டலில் விழித்திருப்பவர் யார்? நாவல் படிக்க வந்தவரா? இல்லை. நாலரைக்கே எழுந்து, "ஏம்பா, இங்க காபி எத்தனை மணிக்குத் தருவாங்க?" என்று வரவேற்பு மேசையில் தூங்கும் பையனை எழுப்பிக் கேட்ட தாத்தா. தூக்கம் வராமல் அவரோடு இறங்கி வந்த நாலு வயசுப் பேத்தி. புதுச்சேரி நிர்வாகமும் இதைப் புரிந்துவைத்திருப்பதாகத்தான் தெரிகிறது. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. குழந்தை ஓடினாலும் பயமில்லை, பாட்டி சாலை நடுவில் நின்று மூச்சு வாங்கினாலும் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். சூரியனின் கால அட்டவணையும் நகராட்சியின் கால அட்டவணையும் குடும்பத்துக்காகப் போட்டவை. ஹோட்டலின் அட்டவணை மட்டும் தனி: காலை உணவு எட்டு மணிக்கு மேல்.

அந்தக் கடலில் இறங்கி நீந்த முடியாதே, பிறகென்ன கடலோர ஹோட்டல் என்று இன்னொரு கேள்வி வரும். முடியாதுதான். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணலைத் தடுத்துவிட்டன. ஊரின் முன்னால் இருந்த மணற்கரை கரைந்தது. அதன் இடத்தில் கருங்கல் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 2018 வாக்கில் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு போட்டபின் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. நீச்சல் உடை வாங்கிக்கொண்டு வந்த ஜோடிக்கு இது பெரிய ஏமாற்றம். தமிழ்க் குடும்பத்துக்கு ஏமாற்றமே இல்லை. அது கடலில் நீந்த வருவதில்லை, கால் நனைக்க வருகிறது. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் செருப்பையும் மறு கையில் குழந்தையையும் பிடித்துக்கொண்டு, அலை வரும்போது பின்னால் ஓடி, போகும்போது முன்னால் நடந்து, கடைசியில் எல்லாரும் இடுப்புவரை நனைந்துவிடுவது அந்தச் சடங்கின் முறை. அதற்கு நாற்பதடி மணல் போதும். அதோடு, நம் கிழக்குக் கரையில் அலையின் இழுப்பு தெரியாமல் ஆழத்துக்குப் போய் உயிரை விட்டவர்கள் கதை எல்லாக் கடலோர ஊரிலும் உண்டு. கடலை நம்பாமல் கரையில் நின்று கும்பிடு போடுகிற பாட்டிக்குக் கடலைப் பற்றி ஹோட்டல் கையேட்டைவிட அதிகம் தெரியும்.

ஜோடியாகக் கடற்கரைக்குப் போவதுதான் அழகு, கூட்டமாகப் போவது பிற்காலத்துப் பட்டிக்காட்டுத்தனம் என்று யாராவது சொன்னால் அவர்களைச் சிலப்பதிகாரத்துக்கு அனுப்பி வைக்கலாம். புகார்க் கடற்கரைக்குக் கோவலனும் மாதவியும் போகிறார்கள். அவன் கோவேறு கழுதை மேல், அவள் வண்டியில். புன்னை மர நிழலில், புது மணலில், ஓவியம் தீட்டிய திரை கட்டி, மேலே விதானம் விரித்து, வெள்ளைக் கால் வைத்த கட்டில் போட்டிருக்கிறது. இன்றைக்கு எந்தக் கடலோர ஹோட்டலின் படத்தொகுப்பிலும் முதல் பக்கத்தில் போடத் தகுந்த ஏற்பாடு. இருவருக்கும் வேலை எதுவும் இல்லை, நடுவில் ஒரு யாழ் மட்டும். அவன் ஒன்று பாட, அவள் ஒன்று பாட, யாரை நினைத்துப் பாடினாய் என்று சந்தேகம் வந்து, அவன் எழுந்து போனவன் போனவன்தான். கதை மதுரை எரிவதுவரை போய்விட்டது. நான் சொல்வது இதுதான்: அன்று அந்தக் கட்டிலில் ஒரு மாமாவும் இரண்டு அத்தையும் கூட இருந்திருந்தால், பாட்டு இரண்டாவது அடியைத் தாண்டியிருக்காது. "சுண்டல் யாருக்கெல்லாம் வேணும்?" என்று ஒரு குரல் வந்திருக்கும். சந்தேகப்பட அவகாசமே கிடைத்திருக்காது. காப்பியம் ஒன்று நமக்குக் கிடைக்காமல் போயிருக்கும், அது வாஸ்தவம். ஆனால் நாம் பேசுவது விடுமுறையைப் பற்றி.

குடும்பமாகப் போவதற்கான முன்மாதிரியோ இன்றைக்கும் கண்ணெதிரே இருக்கிறது. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்று வட்டாரத்துத் தெய்வங்கள் எல்லாம் கடலாட வருகின்றன. மயிலம் முருகன் வருகிறார். இன்னும் பல ஊர்ப் பெருமாளும் பிள்ளையாரும் வருகிறார்கள். ஒருவரும் தனியாக வருவதில்லை. தேவியரோடு, குடையோடு, மேளத்தோடு, தூக்குகிறவர், விசிறுகிறவர், பிரசாதம் கொடுக்கிறவர் என்று ஒரு படையே கூட வருகிறது. ஈரத் துணி, தூக்குச் சட்டி, தொலைந்துபோன குழந்தைக்கு மைக்கில் அறிவிப்பு எல்லாமும் அங்கே உண்டு. கடல் பார்க்கப் போவது என்றால் இந்த ஊரில் இப்படித்தான்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. அதை மேம்போக்காகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. அந்த முற்றத்து வீட்டின் கலகலப்பை யார் சம்பளமில்லாமல் நடத்தினார்கள்? பின்கட்டில், புகை அடுப்பின் முன்னால், கடைசிப் பந்தியில் மிச்சத்தைச் சாப்பிட்ட பெண்கள். முற்றத்தின் சத்தத்தை ரசித்தவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். அதை உண்டாக்கியவர்கள் உட்காரவே இல்லை. திண்ணையும் எல்லாருக்குமான திண்ணை இல்லை. யார் அதில் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. எனவே வீட்டை அப்படியே பழைய நிலைக்குத் திருப்புங்கள் என்று சொன்னால் பாதிக் குடும்பமாவது அதை எதிர்த்து ஓட்டுப் போடும், போடவும் வேண்டும். இந்த இடத்தில் ஹோட்டல் உண்மையிலேயே அந்த வீட்டைவிட மேல். பணம் கட்டினால் யாரும் திண்ணையில் உட்காரலாம், சாதி கேட்பதில்லை. ஆதார் அட்டைதான் கேட்கிறார்கள். அடுக்களையோ பூட்டிய கதவுக்குப் பின்னால், சமையல்காரரின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே என்ன வேகிறது, உப்பு போட்டாயிற்றா, நாளைக்கு மாவு இருக்கிறதா என்ற கவலை இல்லாமல் ஒரு பெண் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, யாரோ போட்டுக் கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு "டிகாஷன் தண்ணி" என்று குறை சொல்ல முடிகிறது. அந்தக் குறை சொல்லும் சுகத்துக்காக மட்டுமே அறை வாடகையில் பாதியைக் கொடுக்கலாம். ஆகவே என் கட்சியில் ஒரு திருத்தம்: முற்றம் பழையபடி, கூடம் பழையபடி, மொட்டை மாடி பழையபடி, அடுக்களை மட்டும் இப்போது இருக்கிறபடியே. வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு வருகிற வழக்கத்தையும் இந்தக் கணக்கில் நான் ஆதரிக்கவில்லை. அதைக் கிளம்புவதற்கு முந்தைய இரவு பன்னிரண்டு மணிக்கு நின்று கிளறியவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பத்து அறை வைத்திருக்கும் ஹோட்டல்காரருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்பது கடைசிக் கேள்வி. சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் சொச்சம். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் ஈசிஆரில் வருகிற கார்களுக்குள் எட்டிப் பார்த்தால் போதும், பின் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஜோடிகள் ஓர் அறை எடுக்கிறார்கள். குடும்பம் மூன்று அறை எடுக்கிறது. எடுத்துவிட்டு ஏழு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்கள். இரண்டு அறையின் ஏசி மிச்சம். இதைவிட லாபமான வாடிக்கையாளரை நான் கேள்விப்பட்டதில்லை. அவர்களோடு வருகிற ஒரே தொந்தரவு புறப்படும் நேரம். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம். ஏழு பேர் குளித்து, ஒரு சார்ஜரைத் தேடி, பாட்டியின் பல்செட்டைக் கண்டுபிடித்து, எல்லாரும் சேர்ந்து ஊஞ்சலில் ஒரு போட்டோ எடுப்பதற்குள் பன்னிரண்டரை ஆகிவிடும். இதற்கும் இந்த ஊரில் நல்ல முன்னுதாரணம் உண்டு. 1908 முதல் பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்த பாரதிக்கு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் வீடு கொடுத்த விளக்கெண்ணெய்ச் செட்டியார், வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டுவிட்டு, வாடகையைக் கேட்காமலே திரும்பிப் போவார் என்று பாரதியின் நண்பர்கள் வழி ஒரு கதை வழங்குகிறது. பாரதிக்குக் கிடைத்த சலுகை எல்லாருக்கும் கிடைக்காது. ஆனாலும் ஏழு பேரில் ஒரு குழந்தையாவது பாட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும். வரவேற்பு மேசைக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு கீர்த்தனை முழுதாகப் பாடச் சொல்லிப் பார்க்கலாம். முற்றத்து வீடு, குரல் நன்றாக எடுபடும். நேரம் நீட்டிக் கொடுக்காவிட்டாலும், பெட்டிகளைக் கார்வரை ஹோட்டல்காரர்களே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிடுவார்கள்.